செல்வம் அடித்த கிக் கமாண்ட்

1. ஏழாவது தடவை

“அண்ணாச்சி, இவரு வேணும்னே என்னைய கேம்ல இருந்து தூக்குதாரு. இன்னையோட ஏழாவது தடவ.”

கதிரேசன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டான். மாலை ஐந்து மணி. பிரவுசிங் சென்டரில் இருந்த பதினான்கு சிஸ்டத்திலும் ஆள் இருந்தது. எல்லாரும் விளையாட்டை விட்டுவிட்டு முதலில் அவனைப் பார்த்தார்கள், பிறகு அவன் கை நீட்டிய பக்கம் பார்த்தார்கள். அட்மின் மேசையில் செல்வம் அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் அஞ்சாம் நம்பரத்தான் தூக்குனேன் தம்பி. அது ஒங்களத் தூக்கிருச்சு.”

“அது எப்படி ஏழு தடவையும் என்னையவே தூக்கும்?”

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் அதே கேள்வி இருந்தது. அந்த கேம் சர்வரை ஓட்டும் புரோகிராமை, அதாவது ஸ்கிரிப்ட்டை, எழுதியவள் நான். என் கோடில் அப்படி ஒரு வழியே கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பஜாரில் ஒரு மிளகாய் வத்தல் குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது அந்த சென்டர். வத்தல் லோடு இறங்கும் நாளில் மேலே எல்லோரும் தும்முவோம். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வராத காலம் அது. இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களைவிட கேம் விளையாட வருகிறவர்கள் அதிகமாகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய நகரத்தில் கார், லாரி, டாக்சி எல்லாம் ஓட்டும் விளையாட்டு. ஒரே நகரத்துக்குள் நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் சுற்றலாம். சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் இருந்த இரண்டு சென்டர்களிலிருந்தும் எங்கள் சர்வருக்குத்தான் வருவார்கள். காரணம், எங்கள் சர்வரில் எங்கள் சொந்த ஸ்கிரிப்ட் ஓடியது. குடோனிலிருந்து ரயில்வே யார்டுக்கு லோடு அடிப்பது, டாக்சி ஓட்டுவது என்று வேலைகள் எழுதி வைத்திருந்தேன்.

நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அம்மா அங்கே நர்ஸ். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சர்ச்சில் யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல” என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார்.

2. சாட் கட்டளை என்றால் என்ன

இளையவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். விளையாட்டில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேச ஒரு சாட் பெட்டி உண்டு. அதில் சாய்வுக்கோட்டில் தொடங்கி எதையாவது அடித்தால் அது பேச்சு அல்ல, கட்டளை. /goto 5 என்றால் ஐந்தாம் எண் ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும். /kick 5 என்றால் அவரை சர்வரிலிருந்து வெளியேற்றும். இதெல்லாம் அட்மினுக்கு மட்டும். கட்டளைக்குப் பின்னால் வரும் அந்த ‘5’ போன்றவற்றை ஆர்கியுமென்ட் என்போம்.

ஆட்டக்காரர் எண் ஒன்றிலிருந்து தொடங்காது, பூச்சியத்திலிருந்து தொடங்கும். தினமும் மாலை நான்கு மணிக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்வோம். அதற்குப் பிறகு முதலில் நுழைகிறவருக்குப் பூச்சியம். அந்த இடத்துக்குக் கதிரேசன்தான் வருவான். ஒன்றாம் கேபினை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தான். நாலு மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டு, சர்வர் எழுந்ததும் உள்ளே போய்விடுவான். அது அவனுக்கு ஒரு பெருமை.

கதிரேசன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை முதலாளியின் மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அப்பாவின் விருதுநகர் ஆபீஸைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வம் அண்ணன் அதே ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். ஒரு சீசன் நேரத்தில் மருந்து பற்றிக்கொண்டதில் வலது கை வெந்துபோயிற்று. ஆறு மாதம் ஆஸ்பத்திரி. கட்டைவிரலும் அதை ஒட்டிய உள்ளங்கையும் இளஞ்சிவப்பாக, மெழுகு பூசினாற்போல் இருக்கும். அதன் பிறகு அவர் டைப்பிங் படித்தார், கம்ப்யூட்டர் படித்தார். அண்ணாச்சி அவரை சென்டருக்கு எடுத்தார். பொறுமையான மனிதர். சாட்டில் யாராவது அசிங்கமாக எழுதினால் இரண்டு முறை எச்சரிப்பார். மூன்றாவது முறைதான் கிக்.

இப்போது புரிந்திருக்கும். சென்டரில் இருந்த எல்லாருக்கும் அன்று ஒரே எண்ணம்தான். கையைச் சுட்ட ஆலை முதலாளியின் மகன் கண்முன்னால் உட்கார்ந்து விளையாடுகிறான். அவனைத் தூக்கி வெளியே போடும் அதிகாரம் விரல்நுனியில் இருக்கிறது. யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

3. நான் வேவு பார்த்தது

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். “ஏம்மா மெர்சி, அந்தப் பய சொல்றது நெசமான்னு பாரு. செல்வத்துக்கிட்ட ஒண்ணும் காட்டிக்கிடாத.”

நான் மறுநாளே அட்மின் கட்டளைகளுக்கு ஒரு லாக் எழுதினேன். யார், எந்த நேரம், எந்தக் கட்டளை, எந்த எண் ஆட்டக்காரர் மீது என்று ஒரு ஃபைலில் பதிவாகும். செல்வம் அண்ணனிடம் சொல்லவில்லை.

கூடவே கதிரேசனிடம் தனியாகப் பேசினேன். அவன் இன்னொன்றைச் சொன்னான்.

“கிக் மட்டுமில்லக்கா. நான் எங்கயாவது தனியா வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பேன். திடீர்னு வந்து பக்கத்துல நிப்பாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. ரெண்டு செகண்ட் நின்னுட்டு மறஞ்சு போயிருவாரு. எதுக்கு வாராரு? என்னைய எதுக்குப் பாக்காரு?”

அதைச் சொன்னபோது அவன் குரல் தாழ்ந்துவிட்டது. விளையாட்டில் நடந்ததைச் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. தெருவில் ஒருவர் தன்னைப் பின்தொடர்வதைச் சொல்வது போல இருந்தது.

இரண்டு வாரம் லாக்கைப் பார்த்தேன். அதில் இருந்தது சந்தேகத்துக்கு இடமில்லாத மாதிரி இருந்தது. செல்வம், கிக், 0. செல்வம், கோ-டூ, 0. நடுநடுவே 7, 12, 19 என்று வேறு எண்களும் இருந்தன. ஆனால் பூச்சியம் அடிக்கடி வந்தது. ஒருநாள் கதிரேசன் வரவில்லை. அன்று அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் பூச்சியமாக இருந்தார். அவரையும் செல்வம் அண்ணன் ஒருமுறை வெளியேற்றியிருந்தார்.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அந்த அருப்புக்கோட்டைக்காரர் மீது அவருக்கு என்ன பகை இருக்க முடியும்? ஆனால் நான் நினைத்தது வேறு. ‘சந்தேகம் வராமல் இருக்க இன்னொருவரையும் தூக்கிப் பார்த்திருக்கிறார்’ என்று முடிவுகட்டினேன். சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அதற்கு எதிரான சாட்சியும் அதன் பக்கமே போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிறகு இரண்டு நாள் ஏதோ கேபிள் சரிபார்ப்பது போல அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். அந்த இரண்டு நாளில் மூன்று பேரை வெளியேற்றினார். மூன்றும் சரியான ஆள்கள். ஒவ்வொரு எழுத்தாக, திரையைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக அடித்தார். ஆள் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காகச் செய்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

கடைசியில் என் கோடைச் சோதித்தேன். அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சோதனைக்கு நாலு பேரை உள்ளே விட்டு, /kick 3, /kick 2 என்று பத்துப் பன்னிரண்டு முறை அடித்துக் காட்டினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.

“பாத்தீகளா அண்ணாச்சி? ஸ்கிரிப்ட்ல தப்பு இல்ல.”

அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

4. விசாரணை

ஒரு திங்கட்கிழமை காலை, சென்டர் திறக்கும் முன் அண்ணாச்சி என்னையும் செல்வம் அண்ணனையும் கதிரேசனையும் வரச் சொன்னார். நான் லாக்கைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். பூச்சியம் வந்த வரிகளை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டிருந்தேன்.

செல்வம் அண்ணன் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். முடித்ததும் என்னைப் பார்த்தார்.

“இத எப்பத்துல இருந்து எழுதுத?”

“ரெண்டு வாரமாண்ணே.”

“எங்கிட்ட சொல்லலியே.”

அண்ணாச்சி பேசினார்.

“செல்வம், ஒங்க மனசுல இருக்கது எனக்குத் தெரியாம இல்ல. கை போனவுகளுக்குக் கோவம் இருக்கும். ஆனா இங்கன வியாபாரம் நடக்கணும்லா?”

“அண்ணாச்சி, கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லல. அதுக்கு இந்தத் தம்பிய வெளையாட்டுல இருந்து தூக்கிவிட்டா என் கோவம் தீந்துருமா? நான் என்ன சின்னப் பிள்ளையா?” அவர் குரல் உயரவில்லை. “நான் வேற நம்பர் அடிக்கேன். அது பூச்சியத்துக்குப் போவுது. இவரு இருக்க எடத்துக்குப் போய் நிக்கதும் அப்படித்தான். தப்பான எடம்னு தெரிஞ்ச உடனே திரும்பிருதேன்.”

“அப்படின்னா எனக்கும் போகணும்லண்ணே,” என்றேன் நான். “நான் அடிச்சா சரியாப் போகுதே. லாக்ல நீங்க பூச்சியம் அடிச்சதாத்தான இருக்கு? மெஷின் என்ன பொய்யா சொல்லும்?”

அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். மஞ்சள் கோட்டின் மேல் இடது கைவிரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பிறகு தாளை மடிக்காமல் மேசையில் வைத்தார்.

“இதுல எழுதிருக்கத நான் செய்யல. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

செல்வம் அண்ணன் படியிறங்கும் சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான் கதிரேசன் மூச்சு விட்டான்.

செல்வம் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாலும் அண்ணாச்சி கெட்ட மனிதர் அல்ல. சிவகாசியில் அவர் மச்சான் ஒரு பிரஸ் வைத்திருந்தார். அங்கே போன் போட்டு, கம்ப்யூட்டரில் மேட்டர் அடிக்கும் வேலைக்கு செல்வம் அண்ணனைச் சேர்த்துவிட்டார். ஆனால் அதே போனில், “கொஞ்சம் கவனிச்சுக்கோங்க, மனசுல வச்சு செய்யுத ஆளு” என்று சொன்னதையும் நான் கேட்டேன்.

5. பிரஸ்ஸில் பார்த்த தாள்

இரண்டு மாதம் போயிற்று. மூன்று சென்டர்களுக்கும் இடையே ஒரு போட்டி வைக்க அண்ணாச்சி ஏற்பாடு செய்தார். அதற்கான நோட்டீஸ் அந்த மச்சான் பிரஸ்ஸில்தான் அச்சாக வேண்டும். புரூஃப் பார்த்துவர என்னை அனுப்பினார். அங்கே செல்வம் அண்ணன் இருப்பார் என்பதால் எனக்குப் போக மனசில்லை. வேறு வழியும் இல்லை.

மை வாடையும் மெஷின் சத்தமுமாக இருந்தது பிரஸ். அவர் கடைசி மேசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கவனித்தாரா தெரியாது. திரும்பவில்லை. நான் ஃபோர்மேனிடம் போய் நின்றேன். வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நோட்டீஸ் புரூஃபை எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாள் முழுவதும் சிவப்புப் பேனாக் குறிகள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. குறிகள் எல்லாம் சொற்களுக்கு நடுவில் இருந்தன. அங்கங்கே இரண்டு சொற்களுக்கு இடையில் இடைவெளி அகலமாக விழுந்திருந்தது.

“இது என்னய்யா?”

“அது ஒண்ணுமில்லம்மா, சரி பண்ணிருதோம். அந்தா இருக்காரே, செல்வம், அவரு அடிச்சது. ஒரு எழுத்து தப்பா விழாது. இம்புட்டு சுத்தமா அடிக்க ஆளு எனக்குக் கெடச்சதில்ல. ஆனா ஸ்பேஸ் மட்டும் ரெண்டு ரெண்டா விழுந்துரும்.” அவர் குரலைத் தணித்தார். “பாவம், அந்தக் கட்டவெரல்ல உணர்ச்சி கெடையாது. தட்டுனமா இல்லையான்னு அவருக்கே தெரியாது. அவசரத்துல இன்னொரு தட்டு தட்டிருதாரு. மெதுவா அடிச்சா ஒழுங்கா அடிப்பாரு. சீசன்ல மெதுவா எங்க அடிக்க?”

நான் தாளைப் பிடித்தபடி நின்றேன். ‘போட்டி’ என்ற சொல்லுக்கும் ‘நடைபெறும்’ என்ற சொல்லுக்கும் நடுவே இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். கடைசி மேசைவரை போய் அவரிடம் பேசியிருக்கலாம். துணிச்சல் வரவில்லை. புரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

6. வெறுமையின் மதிப்பு

சிவகாசியிலிருந்து விருதுநகர் வரும்வரை என் கோடை மனசுக்குள் வரிவரியாக ஓட்டினேன். முதல்முறையாக, அதை எழுதியது வேறு யாரோ என்பது போல, நம்பாமல் ஓட்டினேன்.

நான் எழுதியிருந்த முறை இது. கட்டளையில் முதல் ஸ்பேஸ் எங்கே வருகிறது என்று தேடு. அதற்கு அடுத்த எழுத்திலிருந்து, அடுத்த ஸ்பேஸ் வரும்வரை உள்ளதை எடு. அதுதான் ஆர்கியுமென்ட். அதை எண்ணாக மாற்று. /kick 5 என்றால் முதல் ஸ்பேஸுக்குப் பிறகு 5 இருக்கிறது. சரி. இரண்டு ஸ்பேஸ் இருந்தால்? முதல் ஸ்பேஸுக்கு அடுத்த எழுத்தே இன்னொரு ஸ்பேஸ். அங்கேயே முடிந்துவிடும். கையில் கிடைப்பது வெறுமை. அந்த வெறுமையை எண்ணாக மாற்றச் சொன்னால் நான் ஸ்கிரிப்ட் எழுதிய கம்ப்யூட்டர் மொழி பிழை என்று நிற்காது. பூச்சியம் என்று சொல்லும். பூச்சியம் என்பது எங்கள் சர்வரில் ஓர் ஆள்.

சென்டருக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. சர்வரில் ஏழு பேர் இருந்தார்கள். அட்மினாக நுழைந்து, ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டி, ஐந்தை அடித்தேன். ஐந்தாம் ஆள் அசையவில்லை. பூச்சியம் எண்ணில் இருந்த ஒரு காலேஜ் பையன் வெளியே போனான். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து, ‘நான் என்ன செஞ்சேன்?’ என்று சாட்டில் கேட்டான்.

லாக்கைத் திறந்தேன். மெர்சி, கிக், 0 என்று இருந்தது.

நான் அடித்தது அதில் இல்லை. என் ஸ்கிரிப்ட் புரிந்துகொண்டது மட்டும் இருந்தது. பிழை செய்த ஸ்கிரிப்ட்டிடமே வாக்குமூலம் வாங்கி, அதை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு, ஒரு மனிதர் முன்னால் வைத்திருக்கிறேன்.

7. நம்ப மறுத்தவர்கள்

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“ஏம்மா, நீதான தப்பில்லன்ன? இப்ப நீதான இருக்குன்னுத? பிரஸ்ல அவன் ஒங்கிட்ட பேசுனானா?”

“பேசவே இல்ல அண்ணாச்சி. நான்தான் கண்டுபுடிச்சேன்.”

“ரெண்டு மாசமா இல்லாதது, அவனப் பாத்துட்டு வந்த அன்னைக்கே கெடச்சிருச்சாக்கும்.” அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். செல்வம் அண்ணனை அப்படித்தான் பார்த்தார். இப்போது அது என் பக்கம் திரும்பியிருந்தது.

நல்லவேளை, நாலு மணிக்குக் கதிரேசன் வந்தான். அவனை அட்மின் மேசையில் உட்கார வைத்தேன். ஒன்றாம் கேபினில் அவன் பெயரிலேயே விளையாட்டைத் திறந்துவிட்டேன். பூச்சியம் எண் அவனுக்கே கிடைத்தது.

“கிக் அடி. பெறகு ரெண்டு ஸ்பேஸ். பெறகு எந்த நம்பர் வேணும்னாலும் போடு.”

அவன் ஒன்பதைப் போட்டான். ஒன்றாம் கேபின் திரையில், ‘நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்’ என்ற செய்தி வந்தது. அவன் மறுபடி உள்ளே போய், மறுபடி அடித்தான். இந்த முறை பதினொன்று. மறுபடியும் அவனே வெளியே போனான். மூன்றாவது முறை /goto அடித்தான். பூச்சியத்தின் பக்கத்தில் போய் நின்றது அட்மின் உருவம். தன் உருவத்துக்குப் பக்கத்தில், பேசாமல் நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அன்னைக்கு அவரு இதத்தான சொன்னாரு?” என்றான் கடைசியில்.

“ஆமா.”

“அக்கா, அவரு இங்கன வேலைக்குச் சேந்த அன்னைக்கே எங்கப்பா சொன்னாரு, அந்த ஆளு ஒன்னைய ஏதாவது செய்வான், பாத்து இருன்னு. நானும் என்னைக்குச் செய்வாருன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்.” அவன் கீபோர்டைத் தள்ளி வைத்தான். “அவரு கைய நான் ஒருதடவகூட நேரா பாத்ததில்ல.”

அண்ணாச்சியும் பார்த்துவிட்டார். “சரி, போய்க் கூப்பிடு. வந்தா வரட்டும்,” என்றார்.

அன்றே கோடைத் திருத்தினேன். எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் தாண்டிப் போகச் செய்தேன். ஆர்கியுமென்ட் இல்லை என்றால் எதுவும் செய்யாமல், ‘யாரை? எண் கொடுக்கவும்’ என்று கேட்க வைத்தேன். வந்தது எண்தானா, அந்த எண்ணில் ஆள் இருக்கிறாரா என்று சோதித்தேன். லாக்கில் முதல் பத்தியாக, மனிதர் அடித்த வரியை அப்படியே, ஸ்பேஸ் உட்படப் பதிய வைத்தேன். எல்லாம் சேர்த்து இருபது வரி இருக்கும்.

8. இரண்டாவது முறை எழுதிய செய்தி

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பிரஸ்ஸுக்குப் போனேன். செல்வம் அண்ணன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

“வா. சாப்ட்டியா?” என்றார். அவ்வளவு இயல்பாக அவர் கேட்டதே எனக்குப் பாரமாக இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஸ்பேஸ், இரண்டாவது ஸ்பேஸ், வெறுமை, பூச்சியம். சொல்லி முடித்ததும் அவர் தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இதுதானா? எனக்கே சந்தேகம் வந்துருச்சு மெர்சி. ராத்திரி படுத்தா, நம்மதான் தெரியாமப் பூச்சியத்த அடிச்சமோ, மனசுக்குள்ள இருக்கது கைக்கு வந்துருச்சோன்னு தோணும். ரெண்டு மாசமா இதே நெனப்பு.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். “ஒவ்வொரு தடவையும் நீங்க என்ன அடிச்சீகன்னு லாக்ல இல்லண்ணே. நான் எழுதல. இருந்திருந்தா இப்ப எடுத்துக் காட்டிருவேன்.”

“அப்ப இன்னமும் ஊகந்தான்?”

“ஆமாண்ணே. ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல.”

“ஒனக்கு இல்ல, சரி.” அவர் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். “ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. நீ ஒன் கோடப் பாத்த. லாக்கப் பாத்த. எனக்குப் பின்னாடி நின்னும் பாத்த. பக்கத்துல உக்காந்து, ‘அண்ணே, எப்படி அடிச்சீக, இன்னொருக்க அடிங்க’ன்னு ஒருவாட்டி கேக்கல.”

அண்ணாச்சி திரும்பக் கூப்பிடுகிறார் என்றேன். வேண்டாம் என்றார். பிரஸ் வேலை பிடித்திருக்கிறதாம். இங்கே யாரும் அவர் கையைப் பார்த்துக் கதை கட்டுவதில்லையாம். ஒன்றே ஒன்றைக் கேட்டார். “அங்கன வாரவுக அம்புட்டுப் பேருக்கும் தெரியணும். நான் செய்யலன்னு.”

எங்கள் சர்வரில் யார் நுழைந்தாலும் முதலில் ஒரு வரவேற்புச் செய்தி தெரியும். விளையாட்டில் தமிழ் எழுத்து வராது. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழைத்தான் அடிப்போம். அன்று மாலை அதை மாற்றினேன். ‘சர்வர் கோளாறு காரணமாகச் சிலர் தவறுதலாக வெளியேற்றப்பட்டார்கள். அட்மின் செல்வம் மீது தவறில்லை.’ எழுதிவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிவகாசி சென்டரிலிருந்து சாதாரண ஆட்டக்காரராக உள்ளே வந்திருக்கிறார். செய்தியைப் படித்துவிட்டு எங்கள் சென்டருக்கு போன் செய்தார்.

“சர்வர் கோளாறுன்னு போட்டிருக்கியே, அந்த சர்வருக்கு எழுதுனது யாரு?”

“நான்தாண்ணே.”

“என் பேரு போட்டிருக்கு. ஒம் பேரு எங்க?”

அதோடு அவர் போனை வைத்துவிட்டார். நான் உட்கார்ந்து அந்தச் செய்தியை அழித்தேன். ‘கிக் கட்டளையை நான் தப்பாக எழுதியிருந்தேன். அது தெரியாமல் செல்வம் அண்ணன் மேல் பழி போட்டேன். அவர் செய்யவில்லை. மெர்சி.’ அப்படி எழுதி சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அண்ணாச்சி படித்துவிட்டு, “இம்புட்டு வேணுமாம்மா? நம்ம சென்டருக்குத்தான கேவலம்,” என்றார். இருக்கட்டும் என்றேன். மூன்று மாதம் அது இருந்தது. கதிரேசனின் அப்பா மட்டும் கடைசிவரை நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் காட்ட, செல்வம் அண்ணன் அடித்ததை அப்படியே பதிந்த லாக்கும் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு நான் மதுரையிலும் பெங்களூரிலும் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டேன். மனிதர் அடித்ததை அப்படியே பதியாத எந்த லாக்கையும் சாட்சியாக ஏற்றதில்லை. ‘கோளாறு ஏற்பட்டது’, ‘தவறு நேர்ந்தது’ என்று யாராவது ரிப்போர்ட் கொண்டுவந்தால், வாக்கியத்தில் ஆளைக் காணோமே என்று திருப்பி அனுப்புவேன். என் பிழை என்றால் நான் முதலில் எழுதுவது என் பெயரை.